மறியலுக்குள் படிப்பு: இரண்டு மாதம் இருக்கிற பெடியனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

பனங்கூடல் எழுதியது:

சாதாரண தரப் பரீட்சை நடக்கும்போதெல்லாம் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வரும். சிறையில் இருக்கும் சிலரும் பரீட்சை எழுதுகிறார்கள், மகசின் சிறையிலும் வட்டரெக்கவிலும் அவர்களுக்கென்று நிலையம் போட்டிருக்கிறார்கள் என்று. வாசிக்கச் சந்தோஷமான செய்திதான். வட்டரெக்கவில் இளம் குற்றவாளிகளுக்கென ஒரு பாடசாலையே இருக்கிறது, சுனீத வித்தியாலயம். இளம் குற்றவாளிகளைப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பும் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1939இலேயே வந்துவிட்டது.

பண்ணையில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணச் சிறைச்சாலைக்குள் இன்றைக்கு இருக்கிற ஒரு பெடியனுக்கு அந்தச் செய்தியால் என்ன பிரயோசனம் என்பதுதான் என் கேள்வி. அவன் பெரும்பாலும் தண்டனை பெற்றவனாக இருக்க மாட்டான், விளக்கமறியலாக இருப்பான். வழக்கு எப்போது முடியும் என்று அவனுக்கும் தெரியாது, அவனுடைய சட்டத்தரணிக்கும் தெரியாது. இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படிக் காத்திருப்பவர்கள். தண்டனை பெற்று வருவோரிலும் பெருந்தொகையானோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். படிப்பு என்றால் ஓ.எல்., ஏ.எல். என்று மட்டும் நினைப்பதால் இவர்கள் எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

நான் முறைசாராக் கல்வியில் கனகாலம் வேலை செய்தவள். பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகள், எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்கள், இவர்களோடுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சிறைக் கல்வியை விளக்கமறியலில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டு வாரத்தில், ஒரு மாதத்தில் முடிகிற சின்னச் சின்னத் துண்டுகளாக. உள்ளே விட்ட இடத்தில் இருந்து வெளியே தொடரக்கூடியதாக. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கல்லுண்டாய் எழுதியது:

அக்கா, மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குள் இரவில் வாளோடு புகுந்தார்கள். அப்பாவின் வலது கை இன்றைக்கும் சரியாக மடங்காது. வெட்டினவர்களில் ஒருவன் பிணையில் வந்து எங்கள் ஒழுங்கையாலேயே மோட்டார் சைக்கிளில் போனான். அவனுக்கு அரசாங்கச் செலவில் கணினியும் ஆங்கிலமும் படிப்பிக்க வேண்டும் என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை டியூசன் காசு கட்ட முடியாமல் உயர்தரத்தை விட்டது. முதலில் அந்தப் பிள்ளை.

வழக்குக்கட்டு எழுதியது:

கல்லுண்டாய் தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உங்கள் கோபத்தோடு நான் வாதாட வரவில்லை.

உள்ளே இருப்பது யார் என்பதை மட்டும் சொல்கிறேன், நீதிமன்றத்தில் தினமும் பார்ப்பதால். வாளோடு போனவன் அங்கே இருக்கிறான், உண்மை. அவனுக்குப் பக்கத்தில் ஐஸ் போதைப்பொருள் பக்கெட்டோடு பிடிபட்ட பெடியன் இருக்கிறான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் என்றால் நீதவானுக்கே பிணை கொடுக்க அதிகாரம் இல்லை, அதற்கு மேலான நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2022 திருத்தத்தோடு ஐஸும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கசிப்பு வழக்கில் தண்டம் கட்ட முடியாத அம்மாவும் இருக்கிறார். கடைசியில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்படப் போகிறவரும் அதே மண்டபத்தில்தான்.

சட்டம் என்று பார்த்தால் எங்கள் சிறைச்சாலைக் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது. காவலும் ஒழுங்கும்தான் அதன் முதுகெலும்பு. சர்வதேச அளவில் ஐ.நா. பொதுச்சபை 2015இல் திருத்தி ஏற்ற, கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற நெல்சன் மண்டேலா விதிகள் இருக்கின்றன. 104ஆம் விதி இரண்டு விஷயம் சொல்கிறது. எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் இளம் கைதிகளுக்கும் கல்வி கட்டாயம். அதோடு, விடுதலையான பிறகும் சிரமமில்லாமல் படிப்பைத் தொடரக்கூடியதாக, சிறைக் கல்வி நாட்டின் பொதுக் கல்வி முறையோடு இயன்றவரை இணைந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதிதான் பனங்கூடல் அக்கா கேட்பது.

ஒஸ்லோக் குளிர் எழுதியது:

நான் கோப்பாயைச் சேர்ந்தவன், இப்போது நோர்வேயில் இருக்கிறேன். இங்கே சிறைகளைப் பற்றி எழுதுபவர்கள் ஹால்டன் சிறையின் படங்களைப் போட்டு, இது சிறையா ஹோட்டலா என்று கேட்பார்கள். படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே சிறைக்குள் கற்பிக்கும் ஆசிரியர் சிறைத் திணைக்களத்தின் ஆள் கிடையாது. அந்த மாவட்டத்தின் கல்வி நிர்வாகம்தான் அவரை அனுப்புகிறது, வெளியே இருக்கிற ஒரு பாடசாலையின் ஆசிரியர். வைத்தியரும் நூலகரும் அப்படியே வெளியில் இருந்துதான் வருகிறார்கள். கைதி ஒருவர் வெளியே வந்தால் தான் படித்த அதே பாடசாலை நிர்வாகத்தின் கீழ்தான் தொடர்கிறார்.

இன்னொன்று, இங்கேயும் பெரும்பாலான தண்டனைகள் ஒரு வருடத்துக்கும் குறைவானவை. காலம் போதாது என்று விட்டுவிடவில்லை, அதற்கேற்றபடி பாடங்களை வெட்டிக்கொண்டார்கள். நோர்வேயின் பணம் எங்களிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியரை எந்தத் திணைக்களம் அனுப்புவது என்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

பனங்கூடல் எழுதியது:

ஒஸ்லோத் தம்பிக்கு நன்றி. எங்களிடம் அதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிலும் முறைசாராக் கல்விப் பிரிவு இருக்கிறது. எழுத்தறிவு வகுப்பு, இடைவிலகியவர்களுக்கான வகுப்பு, சின்னத் தொழிற்பயிற்சி எல்லாம் அவர்களின் வேலை. ஒரு கிராமத்தில் இருபது பேர் எழுத வாசிக்கத் தெரியாமல் இருந்தால் அங்கே ஒரு போதனாசிரியரை அனுப்பலாம். அந்த இருபது பேரும் ஒரு மதிலுக்குள் இருந்தால் மட்டும் ஏன் அது வேறு அமைச்சின் பிரச்சினை ஆக வேண்டும்?

திரும்பி வந்தவன் எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ன வழக்கு, எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். தெற்கில் ஒரு சிறையில் நீண்ட காலம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்.

உள்ளே படிப்பதற்கு முதலில் வேண்டியது ஆசிரியரும் புத்தகமும் இல்லை, இடம். படுக்கிறதற்கே முறை வைத்துப் படுத்த இடத்தில் எங்கே இருந்து படிப்பது? கழிப்பறைப் பக்கமாக ஒரு மூலையில் லைட் கொஞ்சம் நன்றாக விழும். நாற்றம் பொறுக்கிறவனுக்குத்தான் அந்த இடம். நான் அங்கே இருந்து படித்தேன். சத்தம் பத்து மணிக்குப் பிறகுதான் அடங்கும்.

எனக்குக் கணக்குப் படிப்பித்தவர் எங்கள் வார்டில் இருந்த ஒரு அரசியல் கைதி. நீண்ட வருடங்களாக உள்ளே இருந்தவர். தகரப் பேணியின் அடியை வைத்து வட்டம் கீறி, நூலால் சுற்றி அளந்து, பை (π) என்றால் என்னவென்று காட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் எனக்கு விளங்காதது அன்றைக்கு விளங்கியது. சிங்களம் எழுத வாசிக்க மாத்தறைப் பக்கத்து ஒரு பெடியன் சொல்லித் தந்தான். அவனுக்கு நான் ஆங்கில எழுத்துகள் சொல்லிக் கொடுத்தேன். கைதிகளுக்குள்ளேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நிர்வாகம் அவர்களுக்கு ஒரு கரும்பலகையும் ஒரு மணித்தியால அமைதியும் கொடுத்தாலே பாதி வேலை நடக்கும்.

பிறகு ஒரு தொழிற்பயிற்சி தொடங்கினார்கள், அலுமினியப் பொருத்து வேலை. விருப்பமாகச் செய்தேன். முடிகிற நேரத்தில் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அந்தப் பயிற்சி இல்லை. செய்த அளவுக்கு ஒரு துண்டுக் கடிதம் கேட்டேன், தரவில்லை. பனங்கூடல் ரீச்சர் சொல்கிற துண்டு துண்டான பாடத்தின் பெறுமதி எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவு இருந்திருந்தால் நான் இரண்டாவது இடத்தில் தொடர்ந்திருப்பேன்.

இன்னொரு பயிற்சிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதில் சிறையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஊருக்கு வந்து அதை ஒருவருக்கும் காட்டவில்லை, பெட்டிக்குள் கிடக்கிறது.

கல்லுண்டாய் அண்ணைக்கு: உள்ளே படிப்பவனுக்குச் சொகுசு என்று நினைக்காதீர்கள். படிப்பு என்னைத் தூங்க விடாமல் செய்தது. வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் நான் செய்ததை முழுதாக யோசித்துப் பார்த்தேன்.

சுன்னாகம் கராஜ் எழுதியது:

தம்பி, அந்தச் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்திருக்காதே. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை முறையில் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. எங்கே பழகினாய் என்று கேட்க மாட்டார்கள், வேலையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்து, தேறினால் மூன்றாம் மட்டமோ நான்காம் மட்டமோ சான்றிதழ் தருவார்கள். என்னிடம் வேலை செய்த இரண்டு பெடியள் அப்படித்தான் எடுத்தார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை அலுவலகத்தில் விசாரி.

நான் மறியலுக்குப் போய் வந்தவர்களை வேலைக்கு வைத்திருக்கிறேன். சிலர் நின்றார்கள், சிலர் போனார்கள், ஒருவன் சாமானைத் தூக்கிக்கொண்டு போனான். மற்றப் பெடியளிலும் அப்படித்தான். எனக்கு வேண்டியது மூன்று விஷயம். மில்லிமீற்றரில் அளக்கத் தெரிய வேண்டும். பார்ட்ஸ் பெட்டியில் இருக்கிற ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் வாசிக்க வேண்டும். செய்த வேலையைப் பில் புத்தகத்தில் எழுதத் தெரிய வேண்டும். இது மூன்றையும் இரண்டு மாதத்தில் படிப்பிக்கலாம். ஓ.எல். சித்தி கேட்டு நான் இதுவரை ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

பெரிய தடை பொலிஸ் நற்சான்றிதழ். வெளிநாட்டு வேலைக்கு அது இல்லாமல் ஏலாது. பெடியள் படித்துவிட்டு வந்தாலும் அந்தக் கடதாசியில் முட்டி நிற்கிறார்கள். விதானையாரிடம் போய் நற்சான்று கேட்கவே வெட்கப்படுகிறார்கள். உள்ளே வகுப்பு நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கல்லுண்டாய் எழுதியது:

திரும்பி வந்தவன் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அவருக்கு நல்லது நடக்கட்டும். ஆனாலும் ஒரு கேள்வி. படித்தவர்கள் திரும்பக் குற்றம் செய்வதில்லை என்கிறார்கள். படிக்க வருகிறவன் ஏற்கெனவே திருந்த நினைத்தவன்தானே? அவன் படிக்காவிட்டாலும் திருந்தியிருப்பான். அப்படியென்றால் படிப்பால் நடந்தது என்ன?

வழக்குக்கட்டு எழுதியது:

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதையே கேட்டார்கள். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அதில், நீங்கள் சொல்கிற அந்தச் சிக்கலை ஓரளவுக்குக் கையாண்ட தரமான ஆய்வுகளை மட்டும் வைத்தே முக்கியக் கணக்கைப் போட்டார்கள். சிறையில் படித்தவர்களிடையே மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவோர் வீதம் 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. கல்விக்குச் செலவழித்த ஒவ்வொரு டொலருக்கும், முதல் மூன்று வருடத்தில் மீண்டும் சிறைவைக்கும் செலவில் நான்கு முதல் ஐந்து டொலர் மிச்சம் என்றும் கணக்கிட்டார்கள். அது அமெரிக்கா, எங்கள் நிலைமை வேறு. ஆனால் 'எப்படியும் திருந்தியிருப்பான்' என்பதற்கு அது பதில் சொல்கிறது.

திருந்த நினைப்பவன் விஷயத்தில் எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. நினைப்பு வந்து அதற்கு வழி இல்லாமல் போகிறவர்களை நான் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இரண்டாவது வழக்கில் அவன் முகத்தில் அந்த நினைப்பே இருக்காது.

நாவற்குழி எழுதியது:

பேரறிவாளனை ஒருவரும் சொல்லவில்லையே? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் உள்ளே போனவர். தமிழ்நாட்டுச் சிறையில் இருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1096 எடுத்தார், பிறகு தொலைக்கல்வியில் பட்டங்கள். 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ரோபன் தீவில் மண்டேலாவும் தோழர்களும் தபால் மூலம் படித்ததை உலகமே அறியும். இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பட்டப்படிப்பையே உள்ளே கொண்டுபோகலாம்.

பனங்கூடல் எழுதியது:

நாவற்குழி, அந்த உதாரணங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கும் திறந்த பல்கலைக்கழக வழி கட்டாயம் வேண்டும். ஆனால் அவர்கள் தங்கள் மனவுறுதியால் எழும்பியவர்கள். 31 வருடம் உள்ளே இருந்தவரின் சாதனையை வைத்து, மூன்று மாதம் இருக்கப் போகிற, பெயரைக்கூடத் தட்டுத்தடுமாறி எழுதுகிற ஒருவனுக்குத் திட்டம் போட முடியாது. அவனிடம் போய் மண்டேலாவைச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான்.

ஊரெழு அக்கா எழுதியது:

நான் கணக்கு வழக்கு தெரிந்து எழுதவில்லை. என் தம்பி இப்போது உள்ளே இருக்கிறான், ஐஸ் வழக்கு. முதல் கிழமைகளில் பார்க்கப் போனபோது ஆளே இல்லை. கை நடுங்கியது, கதைத்தது விளங்கவில்லை. அந்த நேரத்தில் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினாலும் ஒன்றும் ஏறியிருக்காது. இப்போது சாப்பிடுகிறான், முகம் தெளிந்திருக்கிறது. இனி என்ன செய்கிறாய் என்று கேட்டால், "சும்மா இருக்கிறன், பொழுது போகுதில்லை" என்கிறான். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் பக்கத்தில் யார் இருந்து என்ன கதை சொல்லுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. வெளியே வரும்போது இன்னும் நாலு பேரின் தொடர்போடு வருவான் என்ற பயம். அவனுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு எழுதியது:

முடியும் தங்கச்சி. விளக்கமறியல் கைதி தன் செலவிலோ வீட்டார் செலவிலோ புத்தகமும் எழுதுபொருளும் பெறலாம் என்று மண்டேலா விதிகளின் 117ஆம் விதியே சொல்கிறது. பாதுகாப்பும் ஒழுங்கும் கெடாத அளவுக்கு என்ற நிபந்தனை உண்டு, அதனால் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். போவதற்கு முன் சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தரோடு கதையுங்கள். புதுப் புத்தகமாக, உள்ளே கடதாசி எதுவும் செருகாமல் கொடுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

கோண்டாவில் வாத்தியார் எழுதியது:

பிள்ளைகளே, இந்தக் கிழவனின் ஒரு யோசனை. பிரேசிலில் கைதி ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றித் தன் சொல்லில் எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நான்கு நாள் குறைப்பார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம்வரை, அதாவது 48 நாள். வகுப்பில் 12 மணித்தியாலம் இருந்தாலும் ஒரு நாள் கழியும். இங்கே அந்தச் சட்டம் வர எவ்வளவு காலம் எடுக்குமோ தெரியாது, அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் வாசித்ததைத் தன் சொல்லில் எழுதுவது என்ற பகுதியை நாளைக்கே தொடங்கலாம்.

பண்ணைச் சிறைக்கும் எங்கள் பொது நூலகத்துக்கும் நடந்து போகிற தூரம்தான். 1981இல் ஏறக்குறைய 97,000 புத்தகங்களை நெருப்புக்குக் கொடுத்த ஊர் இது. புத்தகம் இல்லாமல் இருப்பது என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலகத்தில் இருந்து மாதம் ஒருமுறை ஒரு பெட்டி உள்ளே போய் வரட்டும். பெரிய எழுத்தில் அச்சான சிறுவர் கதைகளும் சேரட்டும், வளர்ந்தவன் அதை வாசிக்க வெட்கப்படாதபடி தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டப் பழகுகிறான் என்று சொல்லிக் கொடுக்கலாம்.

நான் கணிதம் படிப்பித்தவன். திரும்பி வந்தவன் தம்பி சொன்ன அந்தப் பேணி வட்டத்தை வைத்தே வகுப்பைத் தொடங்கத் தயார்.

கல்லுண்டாய் எழுதியது:

வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவனுக்குப் புத்தகம் வாசித்ததற்காக நாள் குறைப்பதை நான் எதிர்ப்பேன். அதில் மாறமாட்டேன். வகுப்பு வேண்டாம் என்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் காயப்பட்டவர்களின் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கும் யாராவது இப்படி இழை தொடங்குங்கள்.

பனங்கூடல் எழுதியது:

தொடங்கலாம் தம்பி, நீங்களே தொடங்குங்கள், நான் முதல் ஆளாக எழுதுகிறேன். வாள்வெட்டில் உழைக்கிற கை போன வீடுகளில் பிள்ளைகள் இடைவிலகுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த இழையில் வந்ததை வைத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். சிறைச்சாலை அத்தியட்சகருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் ஒரே நேரத்தில் போகும். கேட்டிருப்பது இவ்வளவுதான். முறைசாராக் கல்விப் பிரிவில் இருந்து கிழமைக்கு இரண்டு நாள் போதனாசிரியர். ஒவ்வொரு பாடமும் இரண்டு கிழமைக்குள் முடிகிற அளவு. முடித்தவருக்கு வலயத்தின் பெயரில் ஒரு பதிவுப் புத்தகம், சிறையின் பெயர் எங்கும் இல்லாமல். அவர் பிணையில் வந்த மறுநாளே தன் ஊருக்குக் கிட்டிய வகுப்பில் அந்தப் புத்தகத்தைக் காட்டிச் சேரலாம். வேறு சிறைக்கு மாற்றினால் புத்தகமும் அவரோடு போக வேண்டும். படிக்கக்கூடிய ஒரு மூலையும் ஒரு மணித்தியால அமைதியும். தொழில் பகுதிக்கு என்.வி.கியூ. திறன் அலகுகளையே எடுத்துக்கொள்ளலாம், அது ஏற்கெனவே பிரித்துத்தான் இருக்கிறது.

சுன்னாகம் அண்ணை, அளவுப் பாடத்துக்கு உங்கள் உதவி வேண்டும். நுணுக்கமாக அளக்கிற வேர்னியர் கருவியை உள்ளே விட மாட்டார்கள், பிளாஸ்ரிக் அடிமட்டத்தோடு என்ன செய்யலாம் என்று பாருங்கள்.

சுன்னாகம் கராஜ் எழுதியது:

கடதாசியில் பெரிதாக்கிக் கீறிய வேர்னியர் படம் போதும் ரீச்சர், வாசிக்கப் பழகினால் கையில் எடுக்கும்போது தானாக வரும். ஞாயிறு பின்னேரம் கடை பூட்டின பிறகு வாருங்கள், பழைய பார்ட்ஸ் பெட்டிகளின் மட்டைகள் சேர்த்து வைக்கிறேன். வாசிப்புப் பாடத்துக்கு உதவும்.

ஊரெழு அக்கா எழுதியது:

நலன்புரி உத்தியோகத்தரோடு கதைத்தேன், புத்தகம் கொடுக்கலாம் என்றார். தம்பியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கதைப் புத்தகம் வேண்டாமாம். லைசன்ஸ் எடுக்கிறதுக்கு எழுத்துப் பரீட்சை வைப்பார்களே, அந்த வீதிச் சமிக்ஞைப் புத்தகம் கேட்கிறான். வாசிக்கக் கஷ்டமான இடத்தைப் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லித் தருவாராம்.

பனங்கூடல் எழுதியது:

அதையே வாங்கிக் கொடு பிள்ளை, தமிழில் அச்சானது பார்த்து. ஒரு கொப்பியும் பென்சிலும் சேர்த்துக் கொடு. கடிதத்தில் முதல் பாடமாக அதைத்தான் போடப் போகிறேன்: சாரதி அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சைக்கான வாசிப்பு, இரண்டு கிழமை.